தாய்மாரின் சொல்லை ஏற்ற டொக்டர்

சிறுவர் விடுதிக்குப் போகும் மருத்துவ மாணவிக்கு முதலில் சொல்லித்தரப்படுவது, தாய் சொல்வதைக் கேள் என்பதுதான். அப்படிக் கேட்டவர் டொக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

1893இல் ஜமெய்க்காவில் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் ஆண் மாணவர்கள் போர்முனைக்குப் போய்விட, ஒக்ஸ்பேர்ட்டில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த பெண்களுள் ஒருவர். 1929இல் கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, வேலைக்குச் சென்றார்.

அங்கே கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் வெளிறிய குழந்தைகள் விடுதிக்கு வந்து இறந்துகொண்டிருந்தார்கள். அது பெலக்ரா என்று சாதித்த வைத்தியர்களும் இருந்தார்கள். சிசிலியோ தாய்மாரிடம் அந்நோயின் பெயரைக் கேட்டார். கா மொழியில் குவாஷியோர்கோர் என்றார்கள்: அடுத்த பிள்ளை வந்ததும் தாயின் மார்பை இழந்த பிள்ளைக்கு வரும் நோய். பாலுக்குப் பதிலாகக் கிடைத்ததோ சோளக் கஞ்சி. காரணமும் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது! 1935இல் லான்செட் சஞ்சிகையில் அந்தப் பெயரையே தலைப்பாக்கி எழுதினார். பரீட்சைக்காக நாங்கள் மனனம் செய்த அச்சொல் தாய்மாரின் சொல் என்று எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

பின்னர் மலாயாவுக்கு மாற்றம். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின்பாலைக் கொடுக்கச் சொல்லும் விளம்பரங்களைக் கொலைக்கு ஒப்பிட்டு 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்திலேயே பேசினார். யப்பானியர் வந்ததும் சாங்கிச் சிறை. இரகசியப் பொலிஸாரின் விசாரணைக் கூண்டிலும் மாதக்கணக்கில் கிடந்தார். உயிரோடு மீண்டு, 1948இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவியானார். 1992இல் காலமானபோது வயது 98.