சுல்தான் கலாவூனும் சூலை நோவும்



நம்மவர் ஒருவர் மவுத்தானார் என்ற செய்தி வந்தால் கடையைச் சாத்திவிட்டு ஓடுகிறோம். கபன் துணிக்கும் வண்டிக்கும் கபுறுக்கும் நம் சங்கங்களில் ஏற்பாடு உண்டு. அஸருக்குள் எல்லாக் காரியமும் ஒழுங்காக முடிந்துவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே மனிதர் மவுத்துக்கு முன் எட்டு வருஷம் முதுகு நோவிலும் மூட்டு நோவிலும் கிடந்தாரே, அப்போது நாம் எங்கே இருந்தோம்? முதல் வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு போனோம். இரண்டாம் மாதம் வழியில் கண்ட மகனிடம் விசாரித்தோம். அதற்கப்புறம் மறந்துவிட்டோம். நமக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நீண்ட நாள் நோவுக்கு நீண்ட நாள் ஏற்பாடு இல்லாததுதான் குறை.

இந்தக் குறையைத் தம் சொந்த நோவினால் உணர்ந்து, அதற்கு வழி செய்த ஒரு சுல்தான் எழுநூறு வருஷங்களுக்கு முன் மிஸ்ரு தேசத்தில் இருந்தார். அல்-மலிக்குல் மன்ஸூர் கலாவூன் என்பது அவர் பெயர். அவருடைய சரித்திரத்தை இங்கே சொல்லுகிறோம்.

கலாவூன் பிறப்பால் கிப்சாக் துருக்கியர். கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளி நாட்டில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு மிஸ்ருக்கு வந்தார். அவரை வாங்கிய அமீர் ஆயிரம் தீனார் கொடுத்து வாங்கினார். அக்காலத்தில் அது மிகப் பெரிய விலை. ஆகவே ஆயிரத்துக்குரியவர் என்ற பொருளில் அல்-அல்பி என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. விலை பேசி வாங்கப்பட்ட மனிதர், அரபு மொழியும் சரளமாகப் பேச வராதவர், தம் வீரத்தினாலும் பொறுமையினாலும் படிப்படியாக உயர்ந்து சுல்தான் பைபர்ஸின் பெரிய தளபதிகளில் ஒருவரானார்.

ஹிஜ்ரி 675, அதாவது கி.பி. 1276-77-ல், ரூம் நாட்டின் மேல் படை சென்றபோது திமிஷ்கு நகரில் அவரை வயிற்றுச் சூலை பிடித்தது. சூலை நோவு வந்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். தளபதி என்றும் பாராது, சுமை கூலி என்றும் பாராது. ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். அந்த நகரில் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ கி.பி. 1154-ல் கட்டிய மாரிஸ்தான் என்னும் மருத்துவமனை இருந்தது. வைத்தியர்கள் அங்கிருந்து மருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் சுகமாயிற்று.

நோவு தீர்ந்தவர்கள் என்ன செய்வோம்? வைத்தியருக்குக் கூலி கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். கலாவூன் அப்படிப் போகவில்லை. குதிரை ஏறி அந்த மருத்துவமனைக்கே சென்று, தமக்கு மருந்து வந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தார். அல்லாஹ் தமக்கு அரசைக் கொடுத்தால் இதைப் போல ஒன்று கட்டுவதாக அங்கே நேர்ச்சை செய்துகொண்டார்.

கி.பி. 1279-ல் அரசும் கிடைத்தது. 1281-ல் ஹிம்ஸு நகருக்கு அருகே மங்கோலியர் படையை முறியடித்தார். இவ்வளவு அலுவலுக்கிடையிலும் நேர்ச்சையை மறக்கவில்லை. காஹிராவின் நடுவே பைனல் கஸ்ரைன் என்ற இடத்தில் இருந்த ஒரு பழைய அரண்மனையை எடுத்து, 1284-ல் வேலையைத் தொடங்கினார். மருத்துவமனை, மத்ரஸா, தமக்கு அடக்கஸ்தலம் ஆகிய மூன்றும் 1285-க்குள் முடிந்துவிட்டன.

அந்த மருத்துவமனையின் ஒழுங்கைக் கேளுங்கள். காய்ச்சல்காரருக்கு ஓர் இடம், கண் நோயாளிக்கு ஓர் இடம், காயம்பட்டவருக்கு ஓர் இடம், வயிற்றுப்போக்குக்காரருக்கு ஓர் இடம், பெண்களுக்குத் தனி இடம். சமையல்கட்டு வேறு, மருந்து கூட்டும் அறை வேறு. தலைமை வைத்தியர் உட்கார்ந்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லவும் இடம் உண்டு.

வக்புப் பத்திரத்தில் எழுதி வைத்த நிபந்தனைகள் இதைவிட மேலானவை. ஏழைகளான ஆணும் பெண்ணும் குணமாகும் வரை அங்கே தங்கலாம். இத்தனை நாள்தான் என்ற கெடு இல்லை. வைத்தியர்கள் பகலில் ஒவ்வொரு நோயாளியிடமும் சென்று நிலையை விசாரித்து, கொடுக்க வேண்டிய மருந்தையும் உணவையும் தாளில் எழுத வேண்டும். இரவிலும் முறை வைத்துத் தங்க வேண்டும். நோயாளிக்குக் கட்டிலும் மெத்தையும் தலையணையும் உண்டு. ஒருவர் உண்ட கிண்ணத்தில் மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. கோடையில் வீசிக்கொள்ள ஓலை விசிறிக்கும், இரவில் எரியும் விளக்கின் எண்ணெய்க்கும் கூடப் பணம் ஒதுக்கினார்கள். வர முடியாமல் வீட்டிலேயே கிடக்கும் ஏழை நோயாளிக்கு மருந்து வீட்டுக்குப் போகும்.

விசிறியையும் விளக்கெண்ணெயையும் பத்திரத்தில் எழுதச் செய்தவர், நோவோடு படுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. நோவில் கிடப்பவனுக்கு இரவு எவ்வளவு நீளம் என்பது சுகமாக உறங்குகிறவனுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சுல்தான் கஜானாவிலிருந்து ஒரு தொகையை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. கடைகள், குளிப்பகங்கள், வாடகை வரும் கட்டடங்கள் முதலியவற்றை வக்பு செய்தார். வருஷ வருமானம் பத்து லட்சம் திர்ஹம் அளவில் இருந்ததாகச் சரித்திர ஆசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். கடைத்தெருவில் வாடகை வசூலாகும் வரை மருத்துவமனையில் அடுப்பு எரியும் என்பது ஏற்பாடு. நுரையீரல் வழியே இரத்தம் ஓடும் விதத்தைக் கண்டு சொன்ன பேரறிஞர் இப்னுந் நபீஸ், 1288-ல் மவுத்தானபோது தம் வீட்டையும் கிதாபுகளையும் இந்த மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

ஆனால் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டட வேலையை மேற்பார்த்த அமீர் சன்ஜர் அல்-ஷுஜாயி மிகவும் கடுமையானவர். ஊரிலுள்ள கொத்தர்களையும் தச்சர்களையும் வேறெங்கும் வேலை செய்ய விடாமல் பிடித்து வந்தார். தெருவில் போவோரையும் நிறுத்திக் கல் சுமக்க வைத்தார். மக்கள் அந்தப் பாதையில் நடக்கவே அஞ்சினார்கள். வற்புறுத்தி வேலை வாங்கிக் கட்டிய இடத்தில் தொழலாமா என்று மார்க்க அறிஞர்களிடம் கேட்டவர்களும் உண்டு. பேணுதலுள்ள சிலர் அங்கே தொழாமல் ஒதுங்கினார்கள். ஒருவர் நோவைத் தீர்க்க மற்றொருவர் முதுகை நோகடித்தால் தர்மத்தில் கறை படிகிறது. நாம் நிதி திரட்டும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். முகத்துக்கு அஞ்சிக் கொடுக்கும் நூறு வெள்ளியைவிட, மனம் விரும்பிக் கொடுக்கும் ஐந்து வெள்ளி மேல்.

சுல்தான் 1290-ல் அக்கா நகரின் மேல் படையெடுக்கப் புறப்பட்ட நிலையில் காலமானார். தாம் கட்டிய மண்டபத்தில் அடங்கியிருக்கிறார். 1517-ல் மம்லூக்குகளின் அரசும் போயிற்று. ஆனால் மருத்துவமனை நடந்தது. 1798-ல் பிரெஞ்சுக்காரர்கள் மிஸ்ருக்குள் வந்தபோது அது மிகவும் சீர்கெட்டிருந்தது. அப்போதும் அங்கே நோயாளிகள் இருந்தார்கள். ஐந்நூறு வருஷம்! பழைய கட்டடம் இப்போது பெரும்பாலும் இல்லை. அந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டில் ஒரு கண் மருத்துவமனை எழுந்தது. சதகத்துல் ஜாரியா என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நாம் சுல்தான்கள் அல்ல. மாரிஸ்தான் கட்டவும் வேண்டியதில்லை. நம் நாட்டில் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நீடித்த நோவைக் கவனிப்பதற்கென்றே பெரிய ஆஸ்பத்திரிகளில் தனிப் பிரிவும் இருக்கிறது. அங்கே வைத்தியரோடு உடற்பயிற்சி கற்பிப்பவரும் மனத்தைத் தேற்றுபவரும் சேர்ந்து கவனிக்கிறார்கள். வயதானால் நோவு வரத்தான் செய்யும் என்று வீட்டில் முடங்கிக் கிடக்கும் நம் பெரியவர்கள் பலருக்கு அந்த வழி தெரியாது. அழைத்துச் செல்லவும் ஆள் இல்லை.

ஆகவே சங்கத்தார் மூன்று காரியங்களை யோசிக்கலாம். நீண்ட நாள் நோயாளிகளின் பெயரை ஒரு பேரேட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குவது முதலாவது. ஆஸ்பத்திரித் தவணை நாளில் வண்டியும் துணையும் கொடுப்பது இரண்டாவது. இந்தச் செலவுக்கு ஒரு கடையின் வாடகையையோ, மாதச் சந்தாவில் ஒரு பங்கையோ நிரந்தரமாக ஒதுக்குவது மூன்றாவது. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து என்று ஓதி வந்திருக்கிறோம். முதல் வாரத்தோடு அது முடிந்துவிடுகிறது என்று எந்த உஸ்தாதும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

மையித்தைத் தூக்க நாற்பது பேர் வருகிறோம். அவர் உயிரோடு நோவில் கிடக்கும்போது, வாரம் ஒருவராவது அவர் வீட்டுப் படியேறுவோமாக.