ஒரு வாளிப் பந்தும் பென் ஹோகனும்

நான் பண்டமாரான்வாசி. எங்கள் பக்கம் பூப்பந்து, காற்பந்து என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோல்ஃப் பழகுகிறேன் என்றால் மட்டும் மேலும் கீழும் பார்ப்பார்கள். அது பணக்காரர்களின் விளையாட்டு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு, நண்பர் ஒருவர் ஷா ஆலமில் உள்ள பயிற்சித் தளம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அன்று தொடங்கியதுதான்.

சனிக்கிழமைதோறும் ஒரு வாளி நிறையப் பந்து வாங்குவேன். நூறு பந்துகளையும் அரை மணி நேரத்தில் அடித்து முடித்துவிடுவேன். கை காய்த்துப் போனது, சட்டை நனைந்தது. ஓராண்டு ஆகியும் பந்து வலப்பக்கமாக வளைந்து போவது நிற்கவில்லை. கோல்ஃப் ஆடுகிறவர்கள் இதை ஸ்லைஸ் என்பார்கள். பிறகு பழைய புத்தகக் கடையில் பென் ஹோகன் எழுதிய ‘ஐந்து பாடங்கள்’ என்ற நூல் கிடைத்தது. 1957-இல் வெளிவந்த ஆங்கில நூல். அதில் படம் போட்டுக் காட்டியிருந்தபடியே மட்டையைப் பிடித்தேன். என் ஸ்லைஸ் இன்னும் மோசமானது.

உலகமே கொண்டாடும் வீரரின் பிடி எனக்கு ஏன் உதவவில்லை? அதற்கு விடை அவருடைய வாழ்க்கையில்தான் இருந்தது.

பென் ஹோகன் 1912-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஒரு கொல்லர். பென்னுக்கு 9 வயதாக இருந்தபோது அந்தத் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடும்பம் நிலைகுலைந்தது. சிறுவன் ஃபோர்ட் வொர்த் நகர இரயில் நிலையத்தில் நாளிதழ் விற்றான். அதைவிட அதிகக் காசு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கிளென் கார்டன் மன்றத்தில் கோல்ஃப் பை சுமக்கும் கேடி வேலைக்குப் போனான். (நம் பேச்சுவழக்கில் கேடி என்றால் வேறு பொருள். இது அந்தக் கேடி அல்ல!)

அங்கே அவனைப் போலவே பை சுமந்த இன்னொரு சிறுவன் பைரன் நெல்சன். அவனும் பிற்காலத்தில் பெரிய வீரர் ஆனான். 1927-இல் கேடிகளுக்காக நடந்த கிறிஸ்மஸ் போட்டியில் இருவரும் மோதினார்கள். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் நெல்சன் வென்றான். மன்றத்தின் இளையோர் உறுப்பியமும் நெல்சனுக்கே போனது. ஹோகனுக்குக் கதவு திறக்கவில்லை.

1930-இல், 17 வயதில், ஹோகன் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். ஆனால், கையில் இருந்த காசு தீர்ந்ததும் ஊர் திரும்பினார். கிடைத்த வேலைகளைச் செய்தார், மீண்டும் போனார், மீண்டும் திரும்பினார். 1935-இல் வேலரி என்ற பெண்ணை மணந்தார். 1938-இன் தொடக்கத்தில் ஓக்லண்ட் நகரப் போட்டிக்குப் போனபோது, தம்பதியிடம் மிஞ்சியிருந்த பணம் மிகக் கொஞ்சம். காலையில் வந்து பார்த்தால் காரின் டயர்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேறொருவர் காரில் தொற்றிக்கொண்டு திடலுக்குப் போய் ஆடினார். பரிசாகக் கிடைத்த சில நூறு டாலர்தான் அவரைத் தொழிலில் தக்கவைத்தது. தனியாளாக அவர் பெற்ற முதல் வெற்றி 1940-இல் பைன்ஹர்ஸ்ட் திடலில் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து ஆண்டுகள்!

அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவருடைய நோய் என் நோய்க்கு நேர் எதிரானது. என் பந்து வலப்பக்கம் ஓடுகிறது, அவர் பந்தோ இடப்பக்கம் சடாரென்று வளைந்து புதருக்குள் போய் விழும். இதற்கு ஹூக் என்று பெயர். மட்டை பந்தைத் தொடும் நொடியில் மட்டையின் முகம் அது வரும் பாதைக்கு மூடியிருந்தால் ஹூக், திறந்திருந்தால் ஸ்லைஸ்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான வீரர்கள் ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஒரு சில பந்துகளை அடிப்பதோடு சரி. ஹோகன் ஆட்டம் முடிந்த பிறகும் பயிற்சித் திடலுக்குப் போனார். சிறிய மட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பெரிய மட்டைக்கு வருவார். தூரத்தில் கேடி ஒருவர் நின்று பந்துகளைப் பொறுக்குவார்; அவர்தான் குறி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே நின்று யோசிப்பார். தங்கும் விடுதி அறையில் கண்ணாடி முன் நின்று வீச்சைச் சரிபார்ப்பார். ஒரு மாற்றத்தைச் செய்து, அது பந்தை என்ன செய்கிறது என்று பார்த்து, தேறினால் வைத்துக்கொண்டு, தேறாவிட்டால் தள்ளிவிடுவார். கிட்டத்தட்ட அறிவியல் கூடத்தில் நாம் செய்யும் பரிசோதனை மாதிரிதான்.

கடைசியில் 1946 வாக்கில் அவருக்கு விடை கிடைத்தது. இடக்கையை மட்டையின் மேல் சற்றே இடப்பக்கம் திருப்பிப் பிடித்தார். அதனால் மட்டையின் முகம் சட்டென்று மூடிக்கொள்வது குறைந்தது. அதே ஆண்டு பி.ஜி.ஏ. வெற்றியாளர் பட்டத்தை வென்றார். 1948-இல் அமெரிக்கப் பொதுப் போட்டியையும் வென்றார்.

இப்போது என் தவறு உங்களுக்குப் புரிந்திருக்கும். ஹூக்குக்காக அவர் தமக்குத் தாமே கண்டுபிடித்த மருந்தை, ஸ்லைஸ் நோயாளியான நான் வாங்கிக் குடித்தேன். எஸ்.பி.எம். தேர்வில் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கிய அக்காவின் கால அட்டவணையை நகல் எடுத்துச் சுவரில் ஒட்டுகிறோமே, அது போலத்தான். அந்த அக்கா கணிதத்தில் பலவீனமாக இருந்திருப்பார், நமக்குச் சிக்கல் வரலாற்றுப் பாடத்தில் இருக்கும்.

சரியான பிடி என்று உலகத்துக்கே ஒன்று இல்லை என்பதற்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழ்ந்த பாப்வா செவ்கோலம் நல்ல சான்று. இந்திய வம்சாவளியினர், ஏழை, அவரும் கேடிதான். எல்லாரும் பிடிப்பதற்குத் தலைகீழாக, கைகளை மாற்றி வைத்துப் பிடித்து 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சுப் பொதுப் போட்டியை வென்றார். நிறவெறி அரசு பிறகு அவரை ஆடவிடாமல் தடுத்தது. அவர் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஹோகனிடம் வருவோம். 1949 பிப்ரவரி 2-ஆம் தேதி, டெக்சஸில் வேன் ஹார்ன் என்ற சிற்றூருக்கு அருகே மூடுபனியில் ஒரு பேருந்து அவர் காரின் மீது நேருக்கு நேர் மோதியது. கடைசி நொடியில் மனைவியைக் காப்பாற்ற அவர்மேல் குறுக்கே பாய்ந்தார் ஹோகன். அதனால்தான் அவரும் பிழைத்தார். ஓட்டுநர் இருக்கை இருந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது ஸ்டீரிங் தண்டு. இடுப்பெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, கணுக்கால், விலா எல்லாம் முறிந்தன. இரத்தக் கட்டிகள் நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க, கால்களிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய நாளத்தையே மருத்துவர்கள் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அவருடைய கால்கள் வீங்கின, வலித்தன.

நடக்க முடியுமா என்பதே சந்தேகமாக இருந்தது. அவர் படுக்கையிலிருந்து எழுந்து, அறையைச் சுற்றி நடந்து, பிறகு வீட்டைச் சுற்றி நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினார். 16 மாதங்கள் கழித்து, 1950 ஜூன் மாதம், மெரியன் திடலில் அமெரிக்கப் பொதுப் போட்டியில் நின்றார். அப்போதைய விதிப்படி கடைசி நாளில் 36 குழிகளும் ஆட வேண்டும். கால்கள் கெஞ்சின. மூவர் சமநிலையில் முடித்ததால் மறுநாள் இன்னும் 18 குழிகள். அதிலும் அவரே வென்றார்.

1953-இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டிக்குப் போனார். அங்கே பயன்படுத்திய பந்து அமெரிக்கப் பந்தைவிடச் சிறியது. அதனால் முன்கூட்டியே போய், பக்கத்திலிருந்த பான்மியூர் திடலில் பயிற்சி செய்தார். போட்டியில் அவருடைய நான்கு சுற்றுகள்: 73, 71, 70, 68. கோல்ஃபில் எண் குறையக் குறைய நல்லது! அவர் வென்ற பெரும் பட்டங்கள் மொத்தம் 9. அவற்றில் 6 விபத்துக்குப் பிறகு வந்தவை.

அவரைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. பந்தைக் குழிக்குள் உருட்டும் கடைசி அடி அவருக்குப் பிடித்தமானதே அல்ல. பிற்காலத்தில் அங்கேதான் சறுக்கினார். சிறு தூரத்தில்கூட கை உறைந்து, பந்தின் முன் வெகுநேரம் நிற்பார். 1955 அமெரிக்கப் பொதுப் போட்டியில், அதிகம் அறியப்படாத ஜாக் ஃபிளெக் அவரைத் தோற்கடித்தார். ஃபிளெக் கையில் இருந்தவை ஹோகனின் சொந்த நிறுவனம் செய்த மட்டைகள்!

இதையெல்லாம் படித்த பிறகு நான் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கினேன். நூறு பந்தை அறுபதாகக் குறைத்தேன். முதல் பத்து, 9-ஆம் எண் மட்டையில் அரை வீச்சு. அடுத்த இருபது, 7-ஆம் எண் மட்டையில். அந்த மாதம் பிடியை மட்டும் கவனிப்பது, வேறு எதையும் தொடுவதில்லை. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டடி பின்னால் வந்து, பந்து எங்கே கிளம்பியது, எங்கே வளைந்தது என்று குறிப்பேன். அடுத்த பத்து நீண்ட மட்டைக்கு. கடைசி இருபது, நிஜத் திடலில் ஆடுவது போல ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் குறியையும் மாற்றி. அறுபது பந்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

மூன்றாம் வாரம் நோட்டைப் பார்த்தேன். 7-ஆம் எண்ணில் இருபதுக்குப் பதினான்கு வலப்பக்கம் வளைந்திருந்தன. ஹோகன் செய்ததற்கு எதிராக, இடக்கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடித்தேன். முதல் வாரம் பிடியே அந்நியமாக இருந்தது, இரண்டு பந்துகள் தரையில் உருண்டன. எட்டாம் வாரம் பதினான்கு ஆறாக இறங்கியது. நீண்ட மட்டையில் இன்னும் வலப்பக்கம்தான் போகிறது. அது அடுத்த மாதத்துக்கான பக்கம்.

ஹோகன் 1971-இல் போட்டிகளை விட்டார். ஆனால், ஃபோர்ட் வொர்த்தின் ஷேடி ஓக்ஸ் மன்றத்தில், முதுமையிலும் மதிய வேளைகளில் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்தார். 1997 ஜூலை 25-ஆம் தேதி, 84-ஆம் வயதில் காலமானார்.