சர் கே. எஸ். கிருஷ்ணன்

வண்ணங்களிற் சில, தம்மீது விழும் வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு அமையாது, தாமே ஒளி வீசுவனபோலத் தோன்றுகின்றன. சாலையிற் பணிபுரிவோர் அணியும் மேற்சட்டையின் மஞ்சளும், மாணவர் புத்தக வரிகளின்மேல் தீட்டும் மையின் பச்சையும் இவ்வினத்தவை. மேனாட்டார் புளோரஸென்ஸ் என வழங்கும் இதனை நாம் ஒளிர்வு என்போம். இவ்வொளிர்வைப்போலவே தோன்றிய ஒரு மங்கிய ஒளியைப் பன்னாள் கண் வருந்தப் பார்த்து, அது முற்றிலும் வேறானதென உலகம் அறியத் துணைநின்றவர் சர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன். நம்முடையதைப் போன்ற மிஷன் கலாசாலைகளிலே கல்வி பெற்றவராதலின், அவர்தம் சரிதம் நம் மாணவர்க்குப் பெரிதும் உரியதாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தமிழிலும் வடமொழியிலும் பயிற்சி மிக்கவர். அவ்விரு மொழிப் பற்றும் மைந்தருக்கு இளமையிலேயே வாய்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிற் பள்ளிப் படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும், பின் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்றார். சென்னையில் இரசாயனச் சோதனைச்சாலையிற் செயல்முறை காட்டுவோராய் அமர்ந்தபோது, நண்பகல் ஓய்வு வேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்துகொள்வர். பௌதிகமாயினும் இரசாயனமாயினும் கணிதமாயினும், வந்த ஐயம் தீர்ந்தே செல்லும். ஆசிரியர் என்ற பட்டம் வருமுன்னரே ஆசிரியத் தன்மை அவரிடம் வந்துவிட்டது.

பின்னர்க் கல்கத்தா சென்று, 1923 முதல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்றார். அவ்வாண்டிலேயே உடன் ஆராய்ந்த கே. ஆர். ராமநாதன், தூய திரவங்களின் ஊடே வலிய ஒளியைச் செலுத்துங்கால், சிதறிய ஒளியோடு வேறு நிறத்ததாகிய மிக மெல்லிய ஒளியொன்றும் கலந்து வருதலைக் கண்டிருந்தார். திரவத்திற் கலந்த அழுக்கினால் எழும் மங்கிய ஒளிர்வே அஃது என்று கருதினர். ஆயின் எத்துணை முறை வடித்துத் தூய்மை செய்யினும் அது மறைந்திலது.

ஒளிர்வு இன்னதென்று அறிந்தாலன்றி இப்புதிரின் அருமை விளங்காது. சாதாரணச் சாயம், தன்மேல் விழும் வெண்ணொளியில் ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பி, ஏனையவற்றை உண்டு வெப்பமாக்கிவிடும். ஒளிர்வுச் சாயமோ, தான் உண்ட ஊதாவையும் நீலத்தையும், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாவையும் வீணாக்குவதில்லை. அவ்வொளியை ஏற்ற மூலக்கூறு கிளர்ச்சி எய்துகிறது. அதில் ஒரு சிறு பகுதியை அதிர்வாகச் செலவிட்டு, எஞ்சியதை ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவான காலத்துள் மஞ்சளாகவோ பச்சையாகவோ உமிழ்கிறது. ஆகவே அந்நிறத்தில் விழுந்த ஒளி திரும்புவதோடு, வேறு நிறமாய் வந்த ஒளியும் அதனுடன் சேர்கிறது. தூய வெள்ளைத் தாளும் தன்மேல் அந்நிறத்தில் விழுந்ததற்கு மேல் தர இயலாது, இச்சாயம் தருகிறது. சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டே ஒளியை மதிக்கும் நம் கண், அதனைத் தானே சுடர்வதாகக் கொள்கிறது. அண்ணாகிராமத்து வயல்களின்மேல் அந்தி படரும்போது, வானிலிருந்து வரும் ஒளியில் நீலத்தின் பங்கு மிகுகிறது. ஏனைய வண்ணங்கள் மங்க, இச்சட்டை மட்டும் துலங்குவது அதனாலேயே. நம் ஊர் மஞ்சட்பொடியைச் சாராயச் சத்திற் கரைத்துப் புற ஊதா விளக்கின்முன் வைப்பின், அதுவும் பசுமஞ்சளாய் ஒளிரக் காணலாம்.

இனிக் கதைக்கு வருவோம். 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், ஏட்டுக் கணக்குகளில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனை ராமன் மீண்டும் சோதனைக்கு அழைத்தார். வெயிலைப் பெரிய வில்லையாற் குவித்து, ஊதா வடிகட்டியின் வழியே திரவத்துட் செலுத்தி, கண்ணின்முன் பச்சை வடிகட்டியை வைத்து நோக்கினர். முதல் வடிகட்டி விடுத்த ஒளியை இரண்டாவது தடுக்குமாதலின், காண்பது இருளாகவே இருத்தல் வேண்டும். ஆயினும் மெல்லொளி ஒன்று தெரிந்தது. அறுபது வகைத் திரவங்களை ஆராய்ந்தனர், ஒன்றேனும் விலக்காகவில்லை. அழுக்கே காரணமெனின் அத்தனையிலும் ஒருங்கே தோன்றுமோ? மேலும் அவ்வொளி சாதாரண ஒளிர்வைப்போலன்றி, ஒரு தளத்தில் வலுவாக முனைவுற்றிருந்தது. பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலை காட்டியால் நோக்க, உண்மை தெளிந்தது. ஒளிர்வின் நிறம் அப்பொருளுக்கே உரியது; செலுத்தும் ஒளியை மாற்றினும் பெரிதும் மாறாது. இப்புதிய ஒளியோ, செலுத்திய ஒளியிலிருந்து குறித்த அளவு விலகி, அது நகரத் தானும் நகர்வது. அதுவே ராமன் விளைவு.

முதலறிவிப்பு நேச்சர் இதழில் 1928 மார்ச் 31இல் இருவர் பெயரோடும் வெளிவந்தது. 1930இல் நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்னும் வினா இன்றும் அறிஞரிடை எழுவதுண்டு. ஆராய்ச்சியின் வழியை வகுத்தவர் ஆசிரியர் என்பதை நாம் மறுக்கவில்லை. இரவும் பகலும் அவ்வொளியைத் துருவிய கண்களை மறப்பதும் முறையன்று. கிருஷ்ணனோ அதனை வழக்காக்கினாரல்லர். டாக்கா சர்வகலாசாலையிற் பணியேற்று, படிகங்களின் காந்த இயல்பை ஆராய்ந்து புதியதொரு புகழை ஈட்டினார்.

கல்கத்தாவுக்குத் திரும்பிய பின்னர், மெய்யான ஒளிர்வையும் அவர் விட்டிலர். நீலமாய் ஒளிரும் ஆந்த்ரஸீன் படிகத்தில் நாஃப்தஸீன் அணுவளவு கலந்தாலும், ஒளிர்வு பசுமஞ்சளாக மாறிவிடும். அத்தகைய படிகங்களின் நிறமாலையைத் தம் மாணாக்கருடன் ஆராய்ந்தார். பண்டு அழுக்கெனத் தவறாகக் கருதப்பட்டது பேருண்மையாயிற்று. இங்கோ மெய்யாகவே கலந்த சிறு அழுக்கு, படிகத்தின் உள்ளியல்பை உரைக்கும் சான்றாயிற்று.

1940இல் இலண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1942இல் அலகாபாத் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1946இல் சர் பட்டம் பெற்றார். 1947இல் புதுடில்லித் தேசீயப் பௌதிக ஆராய்ச்சிச்சாலையின் முதல் தலைவராகி, 1961 ஜூன் மாதத்தில் மறையுமளவும் அதனை வளர்த்தார்.

மாணவ நண்பர்காள்! சோதனைச்சாலையில் எதிர்பாராத சிறு வேறுபாடு தோன்றின், கருவியின் பிழை என்றோ பொருளின் அழுக்கு என்றோ கூறி விரைந்து கடந்து செல்வது எளிது. ஒரு மங்கிய ஒளியை அங்ஙனம் கடந்து செல்லாதவர் நம் நாட்டவர். நம்மைப்போன்ற கலாசாலையில் அமர்ந்து பயின்றவர். பெயர் தமக்கு வருமோ பிறர்க்குச் செல்லுமோ என எண்ணாது, கண்டதை மெய்யாகக் காண்பதே கல்வியின் பயன் என்பதை அவர் வாழ்க்கையால் உணர்வோமாக.