சராசரிக்குள் மறைந்தவர்களைத் தேடிய மகலனோபிஸ்

புது தில்லி, ஜூன் 28: அந்தமானின் அபர்டீன் பஜாரில் பத்துக் கடைகள் உள்ளதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது கடைகளில் நாளொன்றுக்கு 500 ரூபாயும் பத்தாவதில் 15,500 ரூபாயும் வசூலானால் கூட்டுச் சராசரி 2,000 ரூபாய். அத்தொகை எந்தக் கடையிலும் வசூலாகவில்லை. இடைநிலை அளவும் முகடும் 500 ரூபாய்தான். இந்த வேறுபாட்டை ஆட்சியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29-ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். 1915-இல் தாயகம் திரும்பும் கப்பலில் புள்ளியியல் இதழான பயோமெட்ரிகாவின் தொகுதிகளைப் படித்தது அவரது பாதையை மாற்றியது. 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை உருவாக்கினார். 1936-இல் அவர் வெளியிட்ட 'தொலைவு' அளவை, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும்போது குழுக்களுக்குள் நிலவும் வேறுபாடுகளையும் கணக்கில் கொண்டது. உலகெங்கும் இன்றும் அது பயன்படுகிறது.

ஒடிசா வெள்ளத்துக்கு ஆற்றுப்படுகை உயர்ந்ததே காரணம் எனப் பொறியாளர்கள் கருதி, கரைகளை உயர்த்த முனைந்தனர். பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், படுகை உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த மிகுமழையே காரணம் என நிறுவினார். வீண்செலவு தவிர்ந்தது.

1950-இல் அவரது முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் கனரகத் தொழில்களுக்கு அவர் அளித்த முன்னுரிமை குறித்துப் பொருளியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், வருமானப் பகிர்வை ஆராய 1960-இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைமை ஏற்றதை மறக்கலாகாது.

அக்குழு பணியாற்றியபோதே, 1963-இல் மக்களவையில் புயல் வீசியது. பெரும்பாலான இந்தியர்களின் நாள் வருமானம் 3 அணாவே என்றார் ராம் மனோகர் லோகியா. 15 அணா என்றார் பிரதமர் நேரு. பிரதமரின் கணக்கு நாட்டு வருமானத்தை எல்லோருக்கும் பகிர்ந்த சராசரி. லோகியா பேசியதோ அடித்தட்டு மக்களைப் பற்றி. பொருளாதார அதிகாரம் சிலரிடம் குவிந்திருப்பதை மகலனோபிஸ் குழுவின் அறிக்கை 1964-இல் சுட்டியது.

மக்களைச் செலவின் வரிசையில் நிறுத்தி, சம எண்ணிக்கையுள்ள பகுதிகளாகப் பிரித்து ஒப்பிடும் முறையையும் அவர் வகுத்தார்.

1968-இல் பத்ம விபூஷண் பெற்ற மகலனோபிஸ், 79-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளான 1972 ஜூன் 28 அன்று காலமானார். அவரது பிறந்தநாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அவர் தொடங்கிய மாதிரி ஆய்வின் பல சுற்றுகளில், ஆண்டு முழுவதும் சென்றடைய இயலாத அந்தமான் நிகோபார் கிராமங்கள் சேர்க்கப்படவில்லை. அபர்டீன் பஜார்வாசிகள் கணக்கில் இடம்பெறலாம். அக்கிராமத்தினருக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.