எம்பிபிஎஸ் கிடைக்கல... ஹார்வர்டில் பிஎச்டி! யார் இந்த சுப்பாராவ்?

யானைக்கால் நோய் தடுப்புக்கு வீட்டுக்கே வந்து டி.இ.சி. மாத்திரை கொடுப்பாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த மருந்தைக் கொண்டுவந்த ஆய்வுக் குழுவின் தலைவர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். காந்தி பேச்சைக் கேட்டு, அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியோடு போனார். ஆங்கிலேயப் பேராசிரியர் கடுப்பானார். எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்பிபிஎஸ் இல்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கையில் கிடைத்தது.

அமெரிக்காவில் அதை வைத்து டாக்டராக வேலை பார்க்க முடியாது. பாஸ்டன் மருத்துவமனையில் இரவில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவினார், பகலில் ஹார்வர்டில் படித்தார். அங்கேதான் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவிடும் முறையைக் கண்டுபிடித்தார். உடலின் எரிசக்தியான ஏடிபி பற்றிய ஆய்வு 1929-ல் வந்தது. மறுவருஷம் உயிர்வேதியியலில் பிஎச்டி. ஆனாலும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை!

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அண்ணன் தம்பி இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அவருக்கும் அந்த நோய் வந்திருந்தது. அதற்கு மருந்தான ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்தது அவருடைய குழுதான். அதையே கொஞ்சம் மாற்றி உருவாக்கிய அமினோப்டெரினைத்தான், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு டாக்டர் ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். நோய் தற்காலிகமாகவாவது அடங்கியது. டாக்டர் படிப்பும் ஆய்வகமும் ஒரே ஆளிடம் சேர்ந்ததன் பலன் இது.

1948-ல் 53 வயதில் தூக்கத்திலேயே இறந்தார். கப்பல் ஏறியவர் ஊர் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார்.