மலைநீரில் மின்சாரம் கண்ட மனிதர்



ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போனவர்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீரால் இயங்கும் மின்நிலையத்திற்கு விமலசுரேந்திரா என்று பெயர். யார் அவர் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தேவபுர ஜயசேன விமலசுரேந்திரா 1874-ம் ஆண்டு காலியில் பிறந்தார். அப்பொழுது நமது மலைகளில் கோப்பிச் செடிகள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்தன. அவர் வாலிபரானபோது எங்கும் தேயிலை. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து போன நம் முன்னோர், தேயிலை வந்தபின் ஆண்டு முழுவதும் லயங்களில் தங்கினர். கொழுந்து, கவ்வாத்து, தொழிற்சாலை: இவையே அவர்களுக்குத் தெரிந்த பிழைப்பு.

பொதுவேலைப் பகுதியில் பொறியியலாளராகச் சேர்ந்த விமலசுரேந்திரா, வேறொரு தொழிலுக்கான வழியை இம்மலைகளில் கண்டார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில், 1912-ல் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகிய ஆறுகளைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று 1918-ல் பொறியியலாளர் சங்கத்தில் ஆய்வுரை படைத்தார். 1924-ல் லக்சபான வேலை தொடங்கிற்று. ஆனால் இடைநடுவில் நின்றுபோயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. உத்தியோகத்தைவிட்டு ஓய்வுபெற்றபின், 1931-ல் இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபையில் நுழைந்து, அங்கும் இதற்காகவே வாதாடினார்.

லக்சபான நிலையம் 1950-ல் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. 1953-ல் காலமானார். அவர் பெயர் தாங்கிய 50 மெகாவாட் நிலையம் 1965-ல் எழுந்தது. மவுசாகலை அணை 1969-ல் முடிந்து நீர் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. மக்கள் மேட்டிலே புது நகரம் கண்டனர்.

வாசகர்களே, இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, நோர்வூட் பங்குகளைச் சுற்றி அணைகளும் சுரங்கங்களும் மின்நிலையங்களும் வந்தன. ஆனால் 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? வாசலில் மின்நிலையம் இருந்தும், அதில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. மின்கம்பிகள் லயங்களின் மேலாகக் கொழும்புக்குச் சென்றன. லயங்களுக்குள்ளோ பல்லாண்டு காலம் குப்பி விளக்கே எரிந்தது. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

இது அந்தப் பொறியியலாளரின் குற்றமன்று. அவர் ஆற்றைப் பயன்படுத்த வழி காட்டினார். பயனைப் பங்கிட வேண்டியவர்கள் வேறு. அன்று உங்கள் பாட்டனுக்கு மூடியிருந்த கதவு இன்று உங்கள் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் திறந்திருக்கிறது. கணிதத்தையும் தொழில்நுட்பத்தையும் அவர்கள் கற்க வழிசெய்யுங்கள். பள்ளியைவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கு அவர்களை அனுப்பும் முன், பக்கத்து மின்நிலையத்தை ஒருமுறை காட்டி, இவருடைய கதையைச் சொல்லுங்கள்.