தீங்கற்றது என்னும் சொல்

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மன்னரின் அனுமதியோடு ஆண்கள் கல்லூரியில் பயின்று, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய தங்கையைத் தாக்கிய மலக்குடல் புற்றுநோய், முதலில் வெறும் சீதபேதி எனக் கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அந்த இழப்பின் வேதனையே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது.

அவர் வாழ்வை எண்ணுந்தோறும், நோயின் பெயர் தரும் பொய் ஆறுதலை நான் அஞ்சுகிறேன். தாடையெலும்பில் தோன்றும் அமெலோபிளாஸ்டோமா புற்றுநோயன்று. தீங்கற்ற கட்டி என்றே வகைப்படுத்தப்படுகிறது. ஆயினும் அதன் நுண்ணிய கிளைகள், கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடந்து எலும்புக்குள் ஊடுருவுகின்றன. கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தால், எஞ்சியவை மீண்டும் வளரக்கூடும். ஆகவேதான் சுற்றியுள்ள எலும்பிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை சேர்த்து அகற்றுகின்றனர். 10 ஆண்டுகள் கழிந்த பின்னும் அது திரும்பியதுண்டு. பெரும்பாலும் வலியின்றியே வளரும்.

அம்மையார் 1968-இல் மறைந்தார். அவர் பிறந்த ஊரில் இன்று அரசு பல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தாடையில் அறுவை செய்துகொண்டோர், தையல் பிரித்ததோடு சிகிச்சை முடிந்ததெனக் கருதலாகாது. மருத்துவர் குறித்த காலங்களில், ஆண்டுகள் பல கடந்தாலும், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.